நியாயம் கேட்காத சட்டம்

இரண்டு பேர் அடித்துக்கொண்டால் யார் முதலில் கை நீட்டியது, யார் பக்கம் நியாயம் என்று விசாரிப்பதுதான் எந்த ஊர்ப் பஞ்சாயத்துக்கும் முதல் வேலை. 1526ல் ஜப்பானில் ஒருவர் அந்த வேலையே வேண்டாம் என்று முடிவு செய்தார். பசிபிக் கரையில் சுருகா, தோதோமி என்ற இரு மாகாணங்களை (இன்றைய ஷிசுஓகா பகுதி) ஆண்டுவந்த இமாகாவா உஜிசிகா என்ற பிரபு அவர். அந்த ஆண்டு அவர் வெளியிட்ட 33 பிரிவுகள் கொண்ட சட்டத்தில் 8வது பிரிவு இப்படிப் போகிறது: சண்டையில் இறங்கியவர்கள், நியாயம் யார் பக்கம் இருந்தாலும் சரி, இருவருமே மரண தண்டனைக்கு உரியவர்கள்.

அதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. எதிராளி தாக்க வந்தும் திருப்பித் தாக்காமல் பொறுத்துக்கொண்டவர், காயமே பட்டிருந்தாலும், தப்பித்தார். தாக்கியவருக்கு மட்டும்தான் தண்டனை. தகராறுக்கு மூல காரணமே அடிபட்டவராக இருக்கலாம். அதைப் பற்றிக் கவலையில்லை. அந்த நேரத்தில் வாளை உருவாமல் இருந்தார் அல்லவா, அதற்காக வழக்கு அவர் பக்கம்.

ஜப்பானியர்கள் இந்த விதியை ‘கென்கா ரியோசெய்பாய்’ என்கிறார்கள். சண்டையென்றால் இரு தரப்புக்கும் தண்டனை என்று பொருள். அகிரா குரோசாவாவின் ‘ககெமுஷா’ (1980) படத்தைப் பார்த்தவர்களுக்கு டாகேடா ஷிங்கென் என்ற பெயர் நினைவிருக்கும். மலைகள் சூழ்ந்த கய் மாகாணத்தை ஆண்ட அந்தப் பிரபு 1547ல் கொண்டுவந்த சட்டத்திலும் இதே விதி இருக்கிறது. ஷிகோகு தீவில் சோசோகாபே மோதோசிகா 1597ல் வெளியிட்ட நூறு பிரிவுச் சட்டத்திலும் இருக்கிறது. கேட்பதற்குக் கொடூரமாகத்தான் தெரிகிறது. ஆனால் அன்றைய ஜப்பானில் நியாயம் என்ற சொல் என்ன பாடுபட்டது என்று பார்த்தால் கதை கொஞ்சம் மாறுகிறது.

1467ல் தலைநகரான கியோத்தோவில் வாரிசுத் தகராறு ஒன்று போராக வெடித்தது. ஓனின் போர் எனப்படும் அது பத்து ஆண்டுகள் நீடித்தது. நகரத்தின் பெரும் பகுதி சாம்பலாயிற்று. பேருக்கு ஒரு சக்கரவர்த்தி இருந்தார். பேருக்கு ஷோகுன் என்ற ராணுவத் தலைவரும் இருந்தார். அவர்கள் சொல்லை மாகாணங்களில் கேட்க ஆளில்லை. அடுத்த நூறு ஆண்டுகளுக்குமேல் நாடு டைம்யோ எனப்படும் பிரபுக்களின் கையில் துண்டு துண்டாகக் கிடந்தது.

மேல்முறையீடு செய்ய நீதிமன்றம் இல்லாத இடத்தில் பாதிக்கப்பட்டவர் தன் கையாலேயே தீர்த்துக்கொள்வதுதான் வழக்கம். அதை யாரும் குற்றமாக நினைக்கவில்லை, கடமையாகவே நினைத்தார்கள். ஒரு சாமுராய் வெட்டப்பட்டால் அவர் உறவினர்கள் கிளம்புவார்கள். அவருடைய எஜமானர் ஆட்களை அனுப்புவார். எதிர்த்தரப்புக்கும் உறவும் எஜமானரும் உண்டு. வயல் வரப்பில் தொடங்கிய வாய்ச்சண்டை ஒரு வாரத்தில் கோட்டை முற்றுகையாகிவிடும். இரு தரப்பும் சத்தியமாகத் தங்கள் பக்கம்தான் நியாயம் என்று நம்பும். நியாயம் இருந்ததால்தான் சண்டையே நிற்கவில்லை.

பிரபுவுக்கு இதில் சொந்தக் கவலை ஒன்று இருந்தது. அவருடைய படை சம்பளம் வாங்கும் படை அல்ல. சொந்த நிலம், சொந்தக் கோட்டை, சொந்த ஆட்கள் வைத்திருந்த சிறு தலைவர்களின் கூட்டணி அது. அவர்களில் இருவர் மோதிக்கொண்டால் பிரபுவுக்கு இரண்டு படைப்பிரிவுகள் நஷ்டம். ஒருவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னால் மற்றவர் பக்கத்து நாட்டுக்காரனோடு சேர்ந்துகொள்வார். ‘இருவருக்கும் தண்டனை’ என்ற விதி தீர்ப்புச் சொல்லும் சங்கடத்திலிருந்து அவரைக் காப்பாற்றியது.

எல்லாப் பிரபுக்களும் இந்தக் குறுக்கு வழியைப் பிடிக்கவில்லை. வடகிழக்கே டாதே டானெமுனே 1536ல் வெளியிட்ட சட்டம் வேறு வழியில் போனது. எவ்வளவுதான் நியாயம் இருந்தாலும் முறையிடாமல் அடுத்தவர் வீட்டுக்குப் படையெடுத்துப் போனால் போனவர்தான் குற்றவாளி என்றது அது. நியாயத்தை விசாரிக்க அது தயாராக இருந்தது. ஆனால் விசாரிக்கும் உரிமை பிரபுவுக்கு மட்டும்தான் என்றது. இரண்டு வழிகளும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான். தனி மனிதனின் கையிலிருந்து வாளைப் பிடுங்குவது.

இந்தச் சட்டமேதைகள் ஒன்றும் சாதுக்கள் அல்ல. ஷிங்கென் 1541ல் தன் தந்தையையே நாடு கடத்திவிட்டுப் பதவிக்கு வந்தவர். டானெமுனே சட்டம் எழுதி ஆறு ஆண்டுகளில் சொந்த மகனால் சிறைபிடிக்கப்பட்டார். அப்பாவும் பிள்ளையும் நடத்திய போர் 1548 வரை இழுத்தது. கீழே இருப்பவர் மேலே இருப்பவரைக் கவிழ்ப்பதற்கு ‘கெகொகுஜோ’ என்று அந்தக் காலம் ஒரு பெயரே வைத்திருந்தது. நேற்று கவிழ்த்தவருக்கு நாளை கவிழ்ந்துவிடுவோமோ என்ற பயம் இருக்காதா? சட்டப் புத்தகங்கள் பலவும் அந்தப் பயத்தில் பிறந்தவைதான். உஜிசிகா சட்டத்தை வெளியிட்டபோது நோயாளி. இரண்டு மாதங்களில் இறந்தும்போனார். வாரிசு சிறுவன். கியோத்தோவின் பிரபுக் குடும்பத்திலிருந்து வந்த மனைவி ஜுகெய்னி, தன் முத்திரையிட்டு ஆணைகள் பிறப்பித்து ஆட்சியை ஓட்டினார். தான் இல்லாத நாட்டில் தகராறுகளை யார் தீர்ப்பார் என்ற கேள்விக்கு அந்த 33 பிரிவுகளே பதில்.

போர்ப் பிரபுக்களின் சட்டம் என்றதும் வாள், குதிரை, வீரம் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அவற்றில் பெரும் பகுதி நிலம், தண்ணீர், கடன், வரி. எல்லைத் தகராறில் பொய்யாக உரிமை கொண்டாடியவர் தன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை இழப்பார் என்கிறது இமாகாவா சட்டம். ஆறு திசை மாறி அழிந்த நிலத்தை மறுபடி திருத்தும்போது எல்லை தெரியவில்லையா? தகராறுள்ள இடத்தை நடுவில் பிரித்துக்கொள்ள அது வழி சொல்கிறது. கரை ஒதுங்கிய கப்பலை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். உரியவர் வராவிட்டால் இடிந்த கோயில்களைப் பழுதுபார்க்கப் பயன்படுத்தலாம். வெளி மாகாணத்தில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் தடை. கல்யாணம் என்றால் கூட்டணி. கூட்டணி என்றால் சதி.

டானெமுனேயின் சட்டத்துக்கு ‘ஜின்காய்ஷு’ என்று பெயர். தூசும் குப்பையும் சேர்ந்த திரட்டு என்று அர்த்தம். பெயருக்கேற்ப 170 பிரிவுகளுக்குமேல் கொலை, திருட்டு, ஓடிப்போன வேலையாள், வாய்க்கால் தண்ணீர் என்று எதையும் விடவில்லை. யூகி மாசாகாத்சு என்ற சிறு பிரபு 1556ல் எழுதிய சட்டத்தில் எரிச்சலே தொனி. ஊதுசங்கு ஒலி கேட்டதும் எங்கே, எதற்கு என்று விசாரிக்காமல் ஆளாளுக்குப் பாய்ந்து ஓடுகிறார்கள் என்று அலுத்துக்கொள்கிறார். குடித்துவிட்டு வந்து தன் முன் மனுச் சொல்லாதீர்கள், தெளிந்தபின் வாருங்கள் என்கிறார். நானூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மனிதரின் தலைவலி நமக்குக் கேட்கிறது.

சட்டம் எல்லோர் மீதும் ஒரே மாதிரி விழவில்லை. கய் மாகாணத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் வரி உண்டு. வரி கட்ட முடியாமல் ஒருவர் ஊரைவிட்டு ஓடிவிட்டால் அந்தத் தொகையை ஊரே சேர்ந்து கட்ட வேண்டும். வெள்ளம் வந்து பெரும் எண்ணிக்கையில் வீடுகளைக் கொண்டுபோனால் மட்டும் கொஞ்சம் சலுகை. அந்த மாகாணத்தின் காட்டாறுகளுக்குக் கரை கட்டியதாகப் புகழ்பெற்றவர் ஷிங்கென். வெள்ளத்தின் கணக்கு அவருக்குத் தெரியும். சோசோகாபே சட்டத்தின் பாரம் பெண்கள் மீது இறங்கியது. கள்ள உறவு என்றால் ஆண், பெண் இருவருக்கும் மரணம். கணவன் ஊரில் இல்லாதபோது வீட்டுக்குள் ஆண்கள் நுழையக் கூடாது, உறவினர்களும் வியாபாரிகளும்கூட.

எல்லோருக்கும் அடியில் இருந்தவர்கள் ‘கெனின்’ எனப்பட்ட அடிமை வேலையாட்கள். போரில் பிடிபட்டவர்கள், கடனுக்கு விற்கப்பட்டவர்கள். 1232லேயே காமகுரா ஆட்சி வெளியிட்ட சட்டம் அவர்களுடைய குழந்தைகளைப் பங்கிட்டுவிட்டது: ஆண் குழந்தை தகப்பனின் எஜமானருக்கு, பெண் குழந்தை தாயின் எஜமானருக்கு. சண்டைப் பிரிவில் இரு தரப்பு என்று பேசப்பட்டதில் இவர்கள் தரப்பு எங்கும் இல்லை.

கிராமங்களோ வெறும் பார்வையாளர்களாக இருக்கவில்லை. குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்’ (1954) படத்தில், நடுங்கிக்கொண்டிருக்கும் ஏழை விவசாயிகள் தோற்றோடிய வீரர்களிடமிருந்து பறித்த கவசங்களையும் ஆயுதங்களையும் ஒளித்துவைத்திருப்பது அம்பலமாகும் காட்சி ஒன்று உண்டு. சரித்திரத்தோடு அது பொருந்துகிறது. அன்றைய கிராமங்கள் ஆயுதம் வைத்திருந்தன. தோற்ற படையை வேட்டையாடின. தங்களுக்கென்று சட்டமும் எழுதிக்கொண்டன. பிவா ஏரிக்குக் கிழக்கே இமாபோரி என்ற கிராமம் 1489ல் எழுதிய விதிகள் இன்றும் இருக்கின்றன. ஜாமீன்தாரர் இல்லாமல் வெளியூர்க்காரரைக் குடியேற்றக் கூடாது, நாய் வளர்க்கக் கூடாது என்றெல்லாம் அதில் வருகிறது. பிரபுக்களின் சட்டம் இப்படி ஏற்கெனவே சட்டங்கள் விளைந்திருந்த நிலத்தில்தான் வந்து இறங்கியது.

இவ்வளவும் மற்றவர்களுக்கு. சட்டத்தை எழுதிய பிரபுவுக்கு? இந்தக் கேள்விக்கு மூன்று பிரபு வம்சங்கள் மூன்று விதமாகப் பதில் சொன்னன.

முதல் பதில் ஷிங்கெனுடையது. அவருடைய சட்டம் 26 பிரிவுகளில் தொடங்கிப் பிற்பாடு 55 ஆக வளர்ந்தது. கடைசிப் பிரிவில், தானே இந்தச் சட்டத்துக்கு விரோதமாக நடந்தால் உயர்ந்தவர் தாழ்ந்தவர் என்ற பேதமில்லாமல் யாரும் மனுக் கொடுக்கலாம், அதைப் பார்த்து ஆவன செய்வேன் என்கிறார். அப்பாவைத் துரத்திய பிள்ளையிடமிருந்து வந்த வார்த்தை இது. நீதிபதியும் அவரேதான் என்பது உண்மை. ஆனாலும் சட்டத்தைப் போட்டவரும் சட்டத்தை மீறக்கூடும் என்று 16ம் நூற்றாண்டுப் போர்ப் பிரபு எழுதிவைத்தது சாதாரணமல்ல.

இரண்டாவது பதில் உஜிசிகாவின் மகன் இமாகாவா யோஷிமோதோவுடையது. 1553ல் அவர் அப்பாவின் சட்டத்தோடு மேலும் 21 பிரிவுகளைச் சேர்த்தார். பழைய ஷோகுன்கள் சில நிலங்களுக்குக் கொடுத்திருந்த விலக்குரிமையைச் சொல்லி அதிகாரிகளைத் தடுப்பவர்களுக்கு அதில் பதில் வைத்தார். ஷோகுன் நாட்டை ஆண்ட காலம் வேறு, இன்று என் சொந்த பலத்தால்தான் சட்டம் போடுகிறேன், என் பலத்தால்தான் நாடு அமைதியாக இருக்கிறது என்பது அதன் சாரம். சட்டத்தின் ஆதாரம் பலம் என்று இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னவர்கள் குறைவு. ஏழே ஆண்டுகளில், 1560ல், ஓகேஹாசாமா என்ற இடத்தில் ஓடா நோபுனாகாவின் சிறு படை திடீரென்று பாய்ந்து அவர் தலையைக் கொய்தது. பலம் போனது, சில ஆண்டுகளில் நாடும் போனது.

மூன்றாவது பதில்தான் விசித்திரமானது. பிவா ஏரியை ஒட்டிய ஓமி மாகாணத்தில் ரொக்காக்கு வம்சம். 1563ல் இளைய பிரபு யோஷிஹாரு, கோதோ என்ற செல்வாக்குள்ள மூத்த தளபதியைக் கொன்றார். கொதித்துப்போன தளபதிகள் பிரபுவையே கோட்டையிலிருந்து துரத்தினார்கள். பிறகு சமாதானம் ஆயிற்று. 1567ல் 67 பிரிவுகள் கொண்ட சட்டம் வந்தது. அதை எழுதியவர்கள் தளபதிகள். பிரபு செய்யக் கூடாதவை என்னென்ன என்பதும் அதில் இருந்தது. மீற மாட்டோம் என்று யோஷிஹாருவும் அவர் தந்தையும் தெய்வங்களின் பேரால் சத்தியம் எழுதிக் கொடுத்தார்கள், தளபதிகளும் கொடுத்தார்கள். ஆள்பவரும் ஆளப்படுபவரும் ஒரே காகிதத்துக்குக் கட்டுப்பட்ட அந்த ஏற்பாடு எவ்வளவு காலம் தாங்கும் என்று பார்க்கச் சரித்திரம் அவகாசம் தரவில்லை. மறு ஆண்டே நோபுனாகாவின் படை கியோத்தோவுக்குப் போகும் வழியில் ரொக்காக்குகளைத் துடைத்துத் தள்ளியது.

நாட்டை ஒன்றுபடுத்தியவர்கள் பின்பற்றியது இரண்டாவது பதிலை. சண்டைத் தடையை டொயோட்டோமி ஹிடெயோஷி கிராமங்கள் வரை இறக்கினார். 1588ல் விவசாயிகளின் வாள்களைப் பறிமுதல் செய்ய உத்தரவிட்டார். தண்ணீருக்காகவும் காட்டுக்காகவும் ஊரோடு ஊர் மோதுவது குற்றமாயிற்று. அந்தத் தடைக்கு என்ன விலை என்பதை நாரா நகரத்துப் புத்த மடத்தின் நாட்குறிப்பு ஒன்று பதிவு செய்திருக்கிறது. இன்றைய ஒசாகா அருகே செட்சு மாகாணத்தில் வாய்க்கால் தண்ணீருக்காக மோதிய விவசாயிகள் 83 பேர் 1592ல் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவன் 13 வயதுச் சிறுவன். தகப்பனுக்குப் பதிலாகப் போனவன். எந்த ஊர் பக்கம் நியாயம் என்ற கேள்வி அங்கே எழவில்லை.

1615ல் ஒசாகா கோட்டை விழுந்தது. டோகுகாவா குடும்பத்துக்கு எதிரிகள் தீர்ந்தார்கள். சிறுவயதில் இமாகாவாக்களிடம் பணயமாக வளர்ந்த டோகுகாவா இயேயாசு, உடனே பிரபுக்களைக் கூட்டிவைத்து 13 பிரிவுச் சட்டம் ஒன்றைப் படித்துக் காட்டச் செய்தார். வெளியிட்டது மகன் ஹிடெதாடாவின் பெயரில். சட்டம் நியாயத்தை மீறலாம், நியாயம் சட்டத்தை மீறக் கூடாது என்ற கருத்து அதில் அப்பட்டமாகவே இருக்கிறது. 1232ல் காமகுரா ஆட்சியாளர் ஹோஜோ யாசுதோகி 51 பிரிவுகளைத் தொகுத்தபோது அவற்றுக்கு ஆதாரம் நியாய உணர்வுதான் என்று தம்பிக்குக் கடிதம் எழுதினார். படிப்பறிவு குறைந்த வீரர்களுக்கும் புரிவதற்காக எழுதியது என்றார். நியாயத்திலிருந்து புறப்பட்ட சட்டம் நியாயத்துக்கு மேல் ஏறி உட்கார ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் பிடித்தன.

அதனால் பலனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1637ல் வெடித்த ஷிமாபாரா கலகத்தைத் தவிர்த்துவிட்டால் அடுத்த இரண்டரை நூற்றாண்டுகள் ஜப்பானில் பெரிய போர் இல்லை. வரப்புத் தகராறு கோட்டை முற்றுகையாகும் பயம் இல்லாமல் பல தலைமுறைகள் பிறந்து வளர்ந்து மடிந்தன. அதற்குமுன் நூறு ஆண்டுகள் எரிந்துகொண்டிருந்த நாட்டில் இது சின்ன விஷயமல்ல.

ஆனால் கேட்கக் கூடாது என்று தடுக்கப்பட்ட கேள்வி செத்துப்போகவில்லை. 1701ல் எடோ கோட்டைக்குள் ஆசானோ என்ற இளம் பிரபு, கிரா என்ற மூத்த அதிகாரியை வாளால் வெட்டிக் காயப்படுத்தினார். கிரா திருப்பித் தாக்கவில்லை. ஆசானோ அன்றே வயிற்றைக் கிழித்துச் சாக உத்தரவு. கிராவுக்குத் தண்டனை இல்லை. உஜிசிகாவின் 8வது பிரிவை வைத்துப் பார்த்தால் அப்பழுக்கற்ற தீர்ப்பு. பொறுத்தவர் பிழைத்தார், தாக்கியவர் செத்தார். ஆனால் மக்கள் மனத்தில் பதிந்திருந்தது விதியின் முதல் பாதி மட்டும்தான். சண்டை என்றால் இருவருக்கும் அல்லவா தண்டனை, ஒருவர் மட்டும் எப்படித் தப்பலாம்? எஜமானரை இழந்த ஆசானோவின் ஆட்கள் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் காத்திருந்து 1703 ஜனவரியில் கிராவின் தலையை வெட்டிக் கொண்டுபோய் எஜமானரின் சமாதியில் வைத்தார்கள். ‘47 ரோனின்’ கதை அதுதான். 46 பேர் தற்கொலை செய்துகொள்ள உத்தரவாயிற்று. சட்டம் அவர்களைக் கொன்றது. நாடகமேடை இன்றுவரை வாழவைத்துக்கொண்டிருக்கிறது. நியாயம் கேட்கக் கூடாது என்று பிறந்த விதியையே நியாயத்துக்கான கோரிக்கையாக மக்கள் திருப்பிப் பிடித்ததுதான் இதில் வேடிக்கை.

பழிக்குப் பழி வாங்குவதை மெய்ஜி அரசு முற்றாகத் தடை செய்தது 1873ல்தான். அதுவரை, கொல்லப்பட்ட தந்தைக்காகப் பழிவாங்க முன்கூட்டிப் பதிவு செய்துகொண்டு கிளம்பும் வழக்கம் அனுமதிக்கப்பட்டே இருந்தது. வாளைப் பிடுங்கிய அரசு, பதிலுக்கு நம்பிக்கையான நீதியைத் தந்து முடிக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

1615ன் 13 பிரிவுகளில் ஷிங்கெனின் கடைசிப் பிரிவைப் போல ஒன்றைத் தேடினால் கிடைக்காது. கோட்டையைப் பழுதுபார்க்கவும் கல்யாணம் செய்யவும் பிரபுக்கள் அனுமதி வாங்க வேண்டும், குடியும் கூத்தும் கூடாது, தகுதியான அதிகாரிகளை நியமிக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. சட்டத்தைப் போட்டவரே அதை மீறினால் யாரிடம் போய் மனுக் கொடுப்பது என்று மட்டும் இல்லை.